குடி முழுதாய் வரும், நிறமூர்த்தம் கலந்து வரும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கலியாணப் பேச்சு தொடங்கினால், வீடு வளவு பற்றி வாய் திறப்பதற்கு முன்னமே பெரியவர்கள் கேட்டு முடித்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: "என்ன குடி?" குடி என்பது ஒரு வம்சக் கூட்டம்; அது தாய் வழியில் வரும். தாய் காலிங்கா குடி என்றால் அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் காலிங்கா குடி. தகப்பன் பணிக்கனா குடியாக இருந்தாலும் அது தன் பிள்ளைகளுக்குச் சேராது; அவருடைய அக்கா, தங்கச்சிமாரின் பிள்ளைகளுக்குப் போகும். இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும் குடி இப்படித்தான் ஓடுகிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் யார் என்பதைக்கூடப் பல ஊர்களில் குடி பார்த்துத்தான் தீர்மானித்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. குடி உடைந்து வருவதில்லை. அரைக் காலிங்கா, கால் பணிக்கனா என்று ஒருவரும் கிடையாது. அம்மம்மாவிடம் இருந்தது அம்மாவிடம், அம்மாவிடம் இருந்தது பிள்ளையிடம், அப்படியே முழுதாக.

உடம்பு கைமாற்றும் சொத்தில் இப்படி முழுதாகத் தாய்வழியில் வருவது ஒன்றே ஒன்றுதான். கலத்துக்குச் சக்தி எடுத்துக் கொடுக்கும் இழைமணிகளுக்குள் சிறியதொரு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. 16,569 வேதி எழுத்துகள், 37 பரம்பரை அலகுகள் (ஜீன்கள்), அவ்வளவுதான். முட்டையோடு வருவதால் அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு மனிதனை ஆக்கும் எழுத்துகளோ தாய் பக்கம் 300 கோடி, தகப்பன் பக்கம் 300 கோடி. அந்தப் பெரிய பங்கு குடியைப்போல் முழுதாக வருவதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் கலந்து, பாதியாக்கித்தான் தரப்படுகிறது. கலப்பதும் பாதியாக்குவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். அந்த வேலைக்குப் பெயர் ஒடுக்கற்பிரிவு. பத்தாம் பதினோராம் வகுப்பில் படம் கீறிப் புள்ளி வாங்கியதோடு நம்மில் பலர் அதை விட்டுவிட்டோம்.

முதலில் நிறமூர்த்தம். குரோமோசோம் என்றும் சொல்வார்கள். கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. இழைகள் புரதங்களில் சுற்றிச் சுருண்டு கிடக்கின்றன. அந்தச் சுருள் ஒவ்வொன்றும் ஒரு நிறமூர்த்தம். மனிதக் கலத்தில் 46. ஒரு கலத்தில் உள்ள இழை எல்லாவற்றையும் அவிழ்த்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும், ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். 46ஐயும் 23 சோடிகளாக அடுக்கலாம். சோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. இரண்டிலும் ஒரே பரம்பரை அலகுகள் ஒரே வரிசையில் இருக்கும். எழுத்துகள்தான் அங்கங்கே வேறுபடும். ஒன்பதாம் சோடியில் இரத்த வகையைத் தீர்மானிக்கும் அலகு இருக்கிறது. தாய் தந்த பிரதி ஏ என்றும் தகப்பன் தந்த பிரதி ஓ என்றும் இருந்தால் உங்கள் இரத்தம் ஏ வகை. ஓ ஒளிந்திருக்கிறதே தவிர இல்லாமல் போகவில்லை. அது உங்கள் பிள்ளைக்குப் போகலாம்.

எண்ணிக்கைக்கும் உயிரினத்தின் அந்தஸ்துக்கும் தொடர்பில்லை. நெல்லுக்கு 24, தென்னைக்கு 32, ஆட்டுக்கும் மாட்டுக்கும் 60. நம் தயிர்ச் சட்டிகளை நிரப்பும் எருமைக்கு 50. மனிதனுக்கு 46 என்பதே வெகு காலம் தெரியாது. 1923இல் அமெரிக்கரான தியோபிலஸ் பெயின்டர் 48 என்று முடிவு சொன்னார். அதற்குப் பிறகு 30 வருடத்துக்கு மேல் நுணுக்குக்காட்டியில் கண் வைத்தவர்களெல்லாம் 48 என்றே எண்ணினார்கள். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சுவீடனின் அல்பேர்ட் லேவனும் 1956இல் 46 என்று காட்டிய பிறகுதான் கணக்கு நேரானது.

சரி, ஏன் பாதியாக்க வேண்டும்? தாயின் முட்டையில் 46, தகப்பனின் விந்தில் 46 என்று வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184. சில தலைமுறைக்குள் கலம் தாங்காது. இதை வைத்தே ஓகஸ்ட் வைஸ்மன் 1887இல், புணரிகள், அதாவது முட்டையும் விந்தும், உண்டாகும்போது எங்கோ ஓரிடத்தில் எண்ணிக்கை பாதியாகத்தான் வேண்டும் என்று வாதித்தார். அதற்கு நாலு வருடத்துக்கு முன், 1883இல், பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனெடன் குதிரையின் குடலில் வாழும் புழுவை வைத்துக்கொண்டு, முட்டையும் விந்தும் சம அளவில் நிறமூர்த்தங்களைக் கொண்டுவருவதைக் கண்டிருந்தார். அந்தப் புழுவைப் பிடித்தது நல்ல யோசனை. அதற்கு நிறமூர்த்தம் மிகக் குறைவு, எண்ணுவது லேசு.

தோலோ ஈரலோ வளரும்போது நடக்கும் சாதாரணப் பிரிவில், டி.என்.ஏ. ஒரு தடவை இரட்டிக்கும், கலம் ஒரு தடவை பிரியும். 46இலிருந்து 46. ஒடுக்கற்பிரிவில் இரட்டிப்பது ஒரு தடவை, பிரிவது இரண்டு தடவை. முதல் பிரிவில் சோடிகள் விலகுகின்றன: தாய் தந்தது ஒரு பக்கம், தகப்பன் தந்தது மறுபக்கம். இரண்டாம் பிரிவில் ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் இரட்டைப் பிரதிகளும் விலகுகின்றன. கடைசியில் கிடைக்கும் புணரியில் 23. பரீட்சைக்கு இவ்வளவு போதும். விஷயத்தின் சுவை இருப்பது முதல் பிரிவு தொடங்குவதற்கு முன் நடப்பதில்.

சோடிகளைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். சாதாரணமாகத் தாய் தந்த ஏழாம் நிறமூர்த்தமும் தகப்பன் தந்த ஏழாம் நிறமூர்த்தமும் கருவுக்குள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. ஒடுக்கற்பிரிவில் மட்டும் அவை தேடிப் பிடித்து, நுனி முதல் அடி வரை பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. தேடுவதற்குக் கலம் எடுக்கும் வழி கொஞ்சம் பயங்கரமானது. தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டுகிறது. ஸ்போ11 என்ற புரதம் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இழையை இரண்டாக அறுக்கிறது. வேறு எந்தக் கலத்திலாவது இப்படி நடந்தால் அது ஆபத்து; இங்கே அது திட்டம். அறுந்த நுனி, தன்னைச் சரிசெய்ய ஒரு மாதிரி தேவை என்று சோடியைத் தேடிப் போகிறது, கண்டுபிடித்து ஒட்டுகிறது. பெரும்பாலான வெட்டுகள் அப்படியே பழைய மாதிரி திருத்தப்பட்டுவிடும். சில இடங்களில் மட்டும் திருத்தம் குறுக்காக முடிகிறது: தாய்ப் பக்கத்து இழையின் நுனி தகப்பன் பக்கத்தோடும், தகப்பன் பக்கத்து நுனி தாய்ப் பக்கத்தோடும் இணைந்துவிடுகின்றன. இதுதான் குறுக்குப் பரிமாற்றம். விந்து ஒன்றில் சராசரியாக 26 அளவு, முட்டை ஒன்றில் 40க்கும் மேல் இப்படி மாறிய இடங்கள் இருக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை, உண்மையாகவே துண்டுகள் இடம் மாறுகின்றன என்று நிரூபித்தது சோளன். 1931இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஹரியட் கிரைட்டனும் பார்பரா மக்ளின்டொக்கும் ஒரு சோளன் செடியைத் தேடிப் பிடித்தார்கள். அதன் ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் ஒரு முனையில் மொட்டு மாதிரி ஒரு தடிப்பு, மறுமுனையில் வேறு நிறமூர்த்தத்தின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு முனைக்கும் இடையில் மணியின் நிறத்தையும் மாவின் தன்மையையும் தீர்மானிக்கும் அலகுகள். அடுத்த தலைமுறை மணிகளில் எங்கெல்லாம் நிறமும் மாவும் புதிய சேர்க்கையாக வந்தனவோ, அங்கெல்லாம் தடிப்பும் ஒட்டுத்துண்டும் பிரிந்து வேறுவேறு நிறமூர்த்தத்துக்குப் போயிருந்தன. கண்ணுக்குத் தெரியும் மணியும் நுணுக்குக்காட்டியில் தெரியும் நிறமூர்த்தமும் ஒரே சாட்சியைச் சொன்னால் மறுக்க வழியில்லை. ஒடுக்கற்பிரிவு பற்றிய பரிசோதனைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

குறுக்குப் பரிமாற்றம் வகை வகையாகப் பிள்ளைகள் பிறப்பதற்காக மட்டும் இருக்கிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைக் கண்ணகி அம்மன் கோயில் கொம்புமுறி பார்த்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது லேசு. வடசேரியார் கொம்பையும் தென்சேரியார் கொம்பையும் ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் ஊர் திரண்டு இழுக்கும். கொழுவல் சரியாக இருந்தால்தான் வடம் விறைக்கும். கொழுவல் நழுவினால் இழுத்தவர்கள் மல்லாக்க விழுவார்கள். கலத்துக்குள் சோடி நிறமூர்த்தங்கள் இரண்டும் குறுக்குப் பரிமாற்றம் நடந்த இடத்தில் இப்படித்தான் கொழுவிக் கிடக்கின்றன. கதிர்நார்கள் என்ற புரத இழைகள் கலத்தின் இரண்டு துருவங்களிலிருந்தும் பிடித்து இழுக்கின்றன. நார் விறைப்பதை வைத்துத்தான், இந்தச் சோடி சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது, ஒன்று இந்தப் பக்கம் மற்றது அந்தப் பக்கம் போகும் என்று கலம் அறிகிறது. கொழுவலே இல்லாத சோடி விறைக்காது. இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம். அதனால்தான் ஒவ்வொரு சோடியிலும் குறைந்தது ஒரு பரிமாற்றமாவது நடப்பதைக் கலம் கிட்டத்தட்டக் கட்டாயமாக வைத்திருக்கிறது. கொம்புமுறியில் ஒரு கொம்பு முறிந்தால் ஒரு சேரிக்கு வெற்றி. இங்கே எதுவும் முறியக்கூடாது. 23 சோடியும் சரியாக விறைத்த பிறகு, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த கோஹெசின் என்ற புரத வளையங்கள் வெட்டப்பட, எல்லாச் சோடிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலகுகின்றன.

எந்தப் பக்கம் எது போகும் என்பதில் ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் ஒப்பந்தம் கிடையாது. முதலாம் சோடியில் அம்மம்மா வழி வந்தது இடப்பக்கம் போனால், இரண்டாம் சோடியில் அம்மப்பா வழி வந்தது இடப்பக்கம் போகலாம். 23 சோடி, சோடிக்கு இரண்டு வாய்ப்பு. பெருக்கிப் பார்த்தால் 83,88,608 விதம். இது ஒரு தாயின் முட்டைக்கு மட்டும். தகப்பன் பக்கத்திலும் அதே கணக்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 70 லட்சம் கோடி. குறுக்குப் பரிமாற்றத்தை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் எண்ணுவதில் அர்த்தமில்லை.

குடும்பக் கணக்குக்கு வந்தால் சில பழைய வழக்கப் பேச்சுகள் ஆட்டம் காணும். சகோதரங்கள் இரண்டு பேர் பாதிக்குப் பாதி ஒன்று என்று சொல்வோம். அது சராசரி. உண்மையில் அளந்து பார்த்ததில் ஏறக்குறைய 37 சதவீதம் முதல் 62 சதவீதம் வரை மாறுகிறது. ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கச்சி இருவர் இன்னொரு வீட்டு அக்கா தங்கச்சியைவிட நிறையவே நெருக்கமாகவோ தூரமாகவோ இருக்கலாம். தாத்தா பாட்டி கணக்கும் அப்படியே. தகப்பனிடமிருந்து பாதி நிச்சயம். அந்தப் பாதிக்குள் அப்பப்பா எவ்வளவு, அப்பம்மா எவ்வளவு என்பது தகப்பனின் விந்து உண்டான நேரத்துக் குலுக்கல். ஒருவர் 30 சதவீதமும் மற்றவர் 20 சதவீதமும் கொடுத்திருக்கலாம். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் "அப்படியே அப்பம்மா" என்று சொல்வது எப்போதும் வெறும் உபசாரமாக இருக்க வேண்டியதில்லை.

குலுக்கலுக்கு ஓரளவு தப்புவது ஆண்களின் வை நிறமூர்த்தம். அதற்குச் சரியான சோடி இல்லை. எக்ஸ் என்ற மற்றப் பால் நிறமூர்த்தத்தோடு இரண்டு நுனியில் மட்டும் ஒட்டும். எனவே பெரும்பகுதி தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் போகிறது. ஆணா பெண்ணா என்பதும் தகப்பனின் புணரியில் எக்ஸ் வந்ததா வை வந்ததா என்பதில் முடிந்துவிடும். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் கவலையில் மருமகளைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது படிக்கலாம்.

குடிக்குத் திரும்பினால், இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரே குடியில் கட்டக்கூடாது என்பது விதி. பெரியம்மாவின் மகள் ஒரே குடி, அவள் அக்கா அல்லது தங்கச்சி. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாமாவின் மகளோ மாமியின் குடி, அவள் மச்சாள், கட்டலாம், விரும்பியும் கட்டினார்கள். நம் முன்னோர் இரத்த உறவின் ஆபத்தை அறிந்துதான் இப்படி வைத்தார்கள் என்று மேடையில் பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. அம்மாவுக்கும் அவருடைய அக்காவுக்கும் இடையில் சராசரியாகப் பாதி ஒன்று. அம்மாவுக்கும் அவருடைய தம்பிக்கும் இடையிலும் பாதிதான் ஒன்று. அடுத்த தலைமுறைக்கு இறங்கும்போது இரு பக்கமும் மேலும் பாதி, பாதி. ஆக, பெரியம்மா மகளோடு எட்டில் ஒரு பங்கு, மாமா மகளோடும் அதே எட்டில் ஒரு பங்கு. இருவருக்கும் அம்மம்மாவும் அம்மப்பாவும் ஒன்றுதானே. குடி விலக்கு எந்த வீடும் எந்த வீடும் சம்பந்தம் செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தியது, அதை நன்றாகவே செய்தது. 46 நிறமூர்த்தங்களை அது பார்த்ததில்லை.

இந்த எட்டில் ஒரு பங்கு எங்கே கடிக்கும் என்றால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் மாதிரி நோய்களில். பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான அலகு பதினோராம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. சோடியில் ஒரு பிரதி மட்டும் பழுதென்றால் ஆள் சுகமாகவே இருப்பார்; கூடிப்போனால் கொஞ்சம் இரத்தசோகை. இப்படிக் காவியாக இருக்கும் இருவர் கலியாணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பழுதான பிரதிகளும் சேர்ந்து வர. ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள் என்றால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூட. நாலில் ஒன்று என்பதைப் பலர் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள்: மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று. ஒடுக்கற்பிரிவுக்கு ஞாபகம் கிடையாது. அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒன்று, அதற்கடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒன்று. கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். மச்சாளைக் கட்டுகிறவர் மட்டுமல்ல, வெளியில் கட்டுகிறவரும் செய்ய வேண்டியது.

முட்டையும் விந்தும் ஒரே வேலையைச் செய்தாலும் நேரக்கணக்கு முற்றிலும் வேறு. ஆணுக்கு வயதுக்கு வந்த பிறகு தொடங்கி முதுமை வரை ஓயாமல் ஒடுக்கற்பிரிவு நடக்கிறது. ஒரு கலத்திலிருந்து நாலு விந்து. தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூட. பெண்ணுக்கோ அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சூலகத்தில் முட்டைக் கலங்கள் சோடி சேர்ந்து, துண்டு பரிமாறி, அந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறக்கும்போது பத்து லட்சம் முதல் இருபது லட்சம் வரை இருக்கும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருவது ஏறக்குறைய 400, 500. வெளிவரும் சமயத்தில் முதல் பிரிவு முடியும்; விந்து வந்து சேர்ந்தால்தான் இரண்டாம் பிரிவும் முடியும். ஒரு கலத்திலிருந்து நாலு முட்டை வராது, ஒன்றுதான். சாப்பாடெல்லாம் அந்த ஒன்றுக்கு. மற்றப் பங்குகள் சிறு முனைவுடல்களாகச் சுருங்கி அழியும்.

அதாவது, நீங்கள் உருவான முட்டையின் குலுக்கல், உங்கள் அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோது பாதி நடந்து முடிந்தது. முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் கருத்தரித்தால், அந்தச் சோடிகளின் கொழுவலைக் கோஹெசின் வளையங்கள் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. இடையில் அவை புதுப்பிக்கப்படுவது மிகக் குறைவு. வருடம் போகப் போகச் சில வளையங்கள் கழன்றுவிடும், கொழுவல் தளரும், இழுக்கும் நேரத்தில் சோடி பிரியாமல் ஒரே பக்கம் போகலாம். இருபத்தோராம் நிறமூர்த்தம் அப்படிப் போய் முட்டையில் இரண்டாகவும் பிள்ளையில் மூன்றாகவும் வந்தால் டவுன் நிலை. பிரான்ஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரெமோன் துர்ப்பன் ஆகியோர் 1959இல் இந்த மூன்றாவது நிறமூர்த்தத்தை அறிவித்தார்கள். 25 வயதுத் தாய்க்கு இது ஏறக்குறைய 1,250இல் ஒன்று, 35 வயதில் 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று. அந்தத் தாய் கிரகணத்தில் வெளியே போனதாலோ எதையோ சாப்பிட்டதாலோ வந்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன் பூட்டிய கொழுவல் ஒன்று நழுவியது, அவ்வளவே.

தகப்பனின் வயதுக்கும் விலை உண்டு, வேறு வகையில். ஓயாமல் பிரதி எடுப்பதால் எழுத்துப்பிழைகள் சேரும். ஒவ்வொரு பிள்ளையிடமும் தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் ஒரு 60, 70 இருக்கும். அதில் பெரும்பங்கு தகப்பன் வழி. குலுக்கல் இருப்பதைக் கலைத்து அடுக்குகிறது, புதிய எழுத்தைச் சேர்ப்பது இந்தப் பிழைகள்தான். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது.

இனி வயல். கல்லோயா நீர் பாயும் அம்பாறை வட்டைகளில் விதைநெல்லை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கிறோமே, அது எப்படிப் பெரிதாக மாறாமல் அதே நெல்லாக வருகிறது? நெல்லும் பூக்கிறது, ஒடுக்கற்பிரிவு நடக்கிறது, 12 சோடி குலுங்கத்தான் செய்கிறது. விஷயம் என்னவென்றால் நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். தலைமுறை தலைமுறையாகத் தன்னோடு தானே சேர்ந்து, சோடியின் இரண்டு பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன. குலுக்கினாலும் வெளியே வருவது ஒரே மாதிரி. அப்புறம் எப்படிப் புதிய நெல்லினம்? பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் செய்வது, வேறுவேறு குணமுள்ள இரண்டு நெல்லைக் கையால் கலப்பது. ஒன்றின் பூவிலிருந்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு மற்றதன் மகரந்தத்தைத் தூவுவார்கள். முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி முளைக்கும். அதிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறையில்தான் குலுக்கல் வெளியே தெரியும்: நெட்டை, கட்டை, முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது, கபிலத் தத்தி என்ற பூச்சிக்குத் தாங்குவது, தாங்காதது. அதில் நல்லதைப் பொறுக்கி, பல தலைமுறை மறுபடி தன்னோடு சேரவிட்டுக் குணம் நிலைத்த பிறகு பத்தலகொடையைக் குறிக்கும் பி.ஜி. என்று ஒரு இலக்கத்தோடு விதைநெல்லாக வெளிவரும். பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல் என்று நம் ஆட்கள் வயதோடு சொல்லும் இலக்கங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு குலுக்கலும் நீண்ட பொறுக்கலும் இருக்கின்றன.

வாழை நேர்எதிர். நாம் சாப்பிடும் வாழையினங்களில் பெரும்பாலானவற்றுக்கு 11 நிறமூர்த்தம் மூன்று தொகுதி, மொத்தம் 33. மூன்றைச் சோடி சேர்க்க முடியாது. ஒடுக்கற்பிரிவு குழம்பிவிடும், விதை வராது. பழத்தின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் நின்றவை. எனவே குட்டி பிரித்துத்தான் நடுகிறோம், தோட்டத்து மரமெல்லாம் ஏறக்குறைய ஒரே ஆள். வாடல் நோய் ஒரு மரத்துக்கு வழி கண்டுவிட்டால் பக்கத்து மரத்துக்கும் அதே வழிதான்.

ஹைப்ரிட் விதைகளோடுதான் விவசாயிக்கும் ஒடுக்கற்பிரிவுக்கும் நேரடிச் சண்டை. சேனைகளில் போடும் சோளனில் இப்போது பெரும்பாலும் ஹைப்ரிட். விலை கூடிய பைக்கற்றை ஒவ்வொரு போகமும் வாங்க வேண்டியிருக்கிறது, கம்பனிக்காரன் விதைக்குள் ஏதோ மருந்து வைத்து முளைக்காமல் பண்ணுகிறான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் தேவையில்லை. எடுத்து வைத்தால் முளைக்கும். பைக்கற்றுக்குள் இருப்பது தன்னோடு தான் சேர்த்து நிலைப்படுத்திய இரண்டு தனித்தனி வரிசைகளைக் கலந்த முதல் தலைமுறை. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று இந்த வரிசை, மற்றது அந்த வரிசை. அதனால் செடியெல்லாம் ஒரே உயரம், ஒரே நாளில் பூ, பொத்தி பெரிது. அந்தச் செடியின் பூவில் ஒடுக்கற்பிரிவு நடந்ததும் 10 சோடியும் குலுங்கி, கவனமாகச் சேர்த்த சேர்க்கை உடைகிறது.

சந்தேகம் இருந்தால் சேனையின் ஓரத்தில் இரண்டு வரி மட்டும் போட்டுப் பாருங்கள்: ஒன்று புதுப் பைக்கற்று, பக்கத்தில் போன போகம் அதே இனத்திலிருந்து எடுத்து வைத்த மணி. முழங்கால் உயரம் வரை பெரிய வித்தியாசம் தெரியாது. பூக்கும் நேரத்தில் தெரியும். புது வரி கத்தரித்து விட்ட மாதிரி நிற்கும். எடுத்து வைத்த வரியில் ஒன்று தலைக்கு மேல், அடுத்தது நெஞ்சளவு. சிலது பூவெடுத்து முடிய, சிலது அப்போதுதான் தொடங்கும். பொத்தியை உரித்தால் சிலதில் மணி நிறைவு, சிலதில் பாதி வெறுமை. விதை எடுத்து வைக்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ருவான், பத்ரா மாதிரித் திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்கள் இருக்கின்றன. விளைச்சல் ஹைப்ரிட்டை எட்டாது. ஆனால் நிறையச் செடிகளிலிருந்து கலந்து மணி எடுத்தால், வேறு இனச் சோளன் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால், போகத்துக்குப் போகம் அதே தரத்தில் வரும்.